மறைமலை நகரில் குடியேற நான்கு வழிகள்: திட்ட மனை, கிராம நத்தம், புதிய மனைப்பிரிவு, அடுக்குமாடி

தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் விலை கேட்டுப் பார்த்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கி வருபவர்கள், கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மறைமலை நகரில் வாங்கலாமா?" வாசகர்கள் சிலர் இதே கேள்வியைக் கையிருப்பு, அலுவலகம் இருக்கும் இடம், பிள்ளைகளின் வயது ஆகியவற்றோடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாததற்குக் காரணம், மறைமலை நகர் என்று ஒரே ஊர் இல்லை என்பதே.

## பெயர் ஒன்று, ஊர்கள் பல

சென்னைப் பெருநகரின் நெருக்கடியைக் குறைப்பதற்காகப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., 1980களில் உருவாக்கிய துணைநகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தை முன்னின்று நடத்தி, வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். இன்று அந்த ஊரையே எல்லோரும் 'எம்.எம். நகர்' என்கிறோம், அதன் குடியிருப்புப் பகுதிகளை 'என்.ஹெச். ஒன்று', 'என்.ஹெச். இரண்டு' என்கிறோம். வெளியூர்க்காரர்கள் இதைத் தேசிய நெடுஞ்சாலை என்று எண்ணிக்கொள்வதுண்டு. நெய்பர்ஹுட் என்பதன் சுருக்கமே அது.

நின்னகரை, பேரமனூர், கீழக்கரணை, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், கூடலூர் போன்ற கிராமங்கள் இந்தத் துணைநகரத்துக்கு முன்பே இருந்தவை. அவற்றின் வயல்களிலும் மேடுகளிலும்தான் திட்ட நகரம் எழுந்தது. பக்கத்திலிருக்கும் திருக்கச்சூரோ சுந்தரர் பாடிய தலம். நகராட்சி, மாவட்டம் என்பவற்றையெல்லாம் விட மிகவும் மூத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்த இந்த நகராட்சிக்குள் இன்றும் தொழிற்பேட்டை, பல்கலைக்கழக வளாகம், ஏரிக்கரைத் தெரு, மாட்டுக் கொட்டகை எல்லாம் சில நிமிட நடையில் அடுத்தடுத்து வருகின்றன. விளம்பரத்தில் 'மறைமலை நகர்' என்று இருக்கும். பத்திரத்தில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். நீங்கள் வாங்கப்போவது அந்தக் கிராமத்தின் மண்ணையும் தண்ணீரையும் பழைய வழக்குகளையும்தான். ஆகவே கீழே வரும் நான்கு வழிகளையும், அந்த நிலம் இதற்கு முன் யாருடையதாக, என்னவாக இருந்தது என்ற ஒரே கோணத்திலிருந்து பார்க்கிறேன்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது உரிமை: பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பது. இரண்டாவது தண்ணீர்; கோடையில் கிடைக்கும் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து நிற்கும் தண்ணீரும் இரண்டும். மூன்றாவது, ரயில் நிலையத்துக்கு நடந்தே போக முடியுமா என்பது. கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில்தான் இந்த ஊரைச் சென்னையோடு கட்டி வைத்திருக்கிறது. தாம்பரம் வரை ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை அதற்குத் தெற்கே இல்லை என்பதால், ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரம் கூடும். மறைமலை நகர் காமராஜர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி என்று மூன்று நிலையங்கள் அருகருகே இருப்பது இந்த ஊரின் பெரிய வசதி. நான்காவது, விலைக்கு மேல் வரும் செலவு. ஐந்தாவது, எப்போது குடிபோவீர்கள் என்பது. அடுத்த ஆடிக்குள் குடிபோக வேண்டியவருக்கும் பத்து ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

## 1. சி.எம்.டி.ஏ. திட்ட மனையில் உள்ள பழைய வீடு

அகலமான, நேரான தெருக்கள், பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய இடங்கள், நகராட்சியிடம் எப்போதோ ஒப்படைக்கப்பட்டுவிட்ட சாலைகள் எனத் திட்டமிட்ட நகரம் எப்படி இருக்க வேண்டுமோ, அதற்கு நெருக்கமாக இருப்பது இந்தப் பகுதிதான். இங்கே காலி மனை அரிது; பெரும்பாலும் 25, 30 ஆண்டுகளான வீடுகளே விற்பனைக்கு வருகின்றன. முதலில் குடியேறியவர்கள் முதுமையடைந்து பிள்ளைகளோடு போய்விடுவதால் வரும் விற்பனைகள் இவை.

உரிமையைப் பொறுத்தவரை நான்கு வழிகளில் இதுவே தெளிவானது என்றாலும் ஒரு முடிச்சு உண்டு. அரசு கையகப்படுத்திய நிலத்தைக் குழுமம் ஒதுக்கீடு செய்திருப்பதால், கிராமப் பத்திரங்களைப் போல நீண்ட மூலம் தேட வேண்டியதில்லை. ஒதுக்கீட்டாணையும், தவணை முழுவதையும் கட்டிய பிறகு குழுமம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரமும் இருந்தால் போதும். ஆனால் ஒதுக்கீடு பெற்றவர் கிரயப் பத்திரம் வாங்காமலேயே பவர், அதாவது பொது அதிகாரப் பத்திரம், எழுதிக் கைமாற்றியிருந்தாலோ, அவர் இறந்து வாரிசுகள் பலராகியிருந்தாலோ, அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலை வாங்குபவரின் தலையில் விழும். "பவர் இருக்கிறது, பதிந்துவிடலாம்" என்று தரகர் சொன்னால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரண பொது அதிகாரப் பத்திரமும் அவரோடு முடிந்துவிடும்.

மறைமுகச் செலவு கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கான்கிரீட் கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருக்கும். மாடி எழுப்பும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் அடித்தளம் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பழைய வீடு என்பதால் வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, விற்பவர் கேட்கும் விலைக்குக் கீழே இறங்கும். அந்த இடைவெளியைக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

## 2. பழைய ஊரின் நத்தத்தில் ஒரு வீடு

பேரமனூரிலோ நின்னகரையிலோ கோயில் தெருவில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு முருங்கை, பொதுச் சுவர், தெருவில் இரு சக்கர வண்டி போகும் அகலம் என்றால் அது பெரும்பாலும் கிராம நத்தம். நத்தம் என்பது குடியிருப்புக்கென்றே இருந்த நிலம். பல தலைமுறைகள் பத்திரமே இல்லாமல் அனுபவத்தில் இருந்தவை ஏராளம். நத்தம் நிலவரித் திட்டத்தின்போது முதலில் தற்காலிகமான தோராயப் பட்டாவும் பின்னர் இறுதியான தூய பட்டாவும் கொடுத்தார்கள். கையில் தோராயப் பட்டா மட்டும் இருக்கிறதா, தூய பட்டா வரை வந்திருக்கிறதா என்பதைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

மீதிக் கதை குடும்பத்தில் இருக்கிறது. பாகப்பிரிவினை வாய்ச் சொல்லாகவே முடிந்த வீடுகளில், விற்க வரும் அண்ணனுடைய கையெழுத்து மட்டும் போதாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் சட்டத்தைத் திருத்தியிருப்பதால், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளின் ஒப்பமும் வேண்டும். "அவங்க கேட்க மாட்டாங்க சார்" என்பது சட்டத்துக்கு விடையாகாது.

இவ்வளவு சொன்ன பிறகும், தண்ணீர் விஷயத்தில் நத்தத்தை வெல்ல இங்கே வேறு இடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஏரிகளால் வாழ்ந்த மாவட்டம் இது. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே ஏறும் என்பதை அறிந்தவர்கள் மேட்டைத் தேர்ந்துதான் குடியமர்ந்தார்கள். பள்ளத்தை நெல்லுக்கு விட்டார்கள். நத்தத்தின் தெருவில் தண்ணீர் ஓடும், ஆனால் நாள்கணக்கில் நிற்பதில்லை.

இடர்ப்பாடுகள் வேறு. நத்தப் பட்டாவுக்குக் கடன் தரத் தயங்கும் வங்கிகள் உண்டு. பழைய வீட்டை இடித்துக் கட்டினால் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்ட பிறகு அறைக்கு அகலம் மிஞ்சாது. காரை ஊர் முகப்பில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இந்த ஊர்க்காரரோ, இங்கே பெண் கொடுத்தவரோ எடுத்தவரோ என்றால் நத்தம் நல்ல தேர்வு; முகம் தெரியாதவர் வாங்கினால் பொதுச் சுவர் ஒன்றே பத்து ஆண்டுப் பஞ்சாயத்தாகும்.

## 3. புதிய மனைப்பிரிவில் காலி மனை

அதிகம் விளம்பரமாவதும், அதிகம் கேள்விகள் வருவதும் இதைப் பற்றித்தான். ஆகவே இதில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நானே இப்படி ஒரு மனையைப் பார்க்கப் போனேன். வேனில் அழைத்துப்போய் மோர் கொடுத்தார்கள். வெள்ளையும் மஞ்சளும் பூசிய எல்லைக் கற்கள், நட்டு இரண்டு மாதமான சாலையோரக் கன்றுகள், கருங்கல் ஜல்லி கொட்டிய சாலை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மூலை மனைக்கு அப்பால் மட்டும் கோரைப்புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "தம்பி, கலங்கத் தண்ணி இது வழியாத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார். வேனில் வந்தவர் சிரித்தார். நவம்பரில் ஒரு மழை நாளில் தனியாகப் போய்ப் பார்த்தபோது எல்லைக் கற்களின் தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. ஒப்புதல் எண் சரியாகவே இருந்தது. காகிதம் பொய் சொல்லவில்லை, மண் எங்கே பள்ளம் என்பதை அது சொல்லவும் இல்லை.

அதனால் சொல்கிறேன்: மனை வாங்குமுன் அந்தக் கிராமத்தின் ஏரி எங்கே, அது நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், உபரி நீர் எந்த ஓடை வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது என்ற மூன்றையும் புல வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். ஊர்ப் பெயரே சில நேரம் சொல்லிவிடும். பொத்தேரியில் ஏரியும், காட்டாங்குளத்தூரில் குளமும், நின்னகரையில் கரையும் சும்மா வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல.

காகிதங்களில் கவனிக்க வேண்டியவை இவை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும், ரெரா எனப்படும் வீடு-மனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர் ரெராவில் பதிவது கட்டாயம். ஒப்புதல் பெறாத மனைகளைப் பொறுத்தவரை, 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்குத்தான், அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் வழி விட்டார்கள். "பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று அந்தத் தேதிக்குப் பிந்தைய மனையை விற்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது பஞ்சமி நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் இவை. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை காலாவதியாகவில்லை. பல கைகள் மாறி, பட்டா பெயரும் மாறி, இன்று சுத்தமான புன்செய் போலத் தோற்றமளிக்கும் நிலம் பழைய பதிவேட்டில் பஞ்சமியாக இருக்கலாம். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டை, அதாவது கிராமத்தின் ஒவ்வொரு நிலமும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேட்டை, எடுத்துப் பார்க்கும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள். இது வாங்குபவரின் பணத்தைக் காக்கும் எச்சரிக்கை மட்டும் அன்று. அந்த நிலம் வேறொருவருக்குச் சேர வேண்டியது என்பதும் கணக்கில் உண்டு. கோயிலுக்கு மானியமாக விடப்பட்ட இனாம் நிலங்களையும் இதே பதிவேட்டில் கண்டுகொள்ளலாம்.

செலவுக்கு வருவோம். மனைக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 32 லட்சம் ரூபாய் மனைக்கு 2.88 லட்சம் பதிவிலேயே போய்விடும். பிறகு நகராட்சிக்குக் காலிமனை வரி, ஆண்டுதோறும் முள் வெட்டிச் சுத்தம் செய்யும் கூலி, வேலி. கட்டத் தொடங்கும்போது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் தெரியும் கடினமான கரும்பாறை வகைதான் இந்த வட்டாரத்தின் அடியிலும் பெருமளவில் இருப்பதால், பாறையில் வெடிப்பு அகப்பட்டால்தான் தண்ணீர். பக்கத்து மனையில் 200 அடியில் வந்தது என்பதற்காக உங்களுக்கும் வந்துவிடாது. ரிக் வண்டி இரவெல்லாம் வெண்புழுதியைக் கக்கிவிட்டுக் காலையில் பில்லை நீட்டிப் போன மனைகளும் உண்டு. ஒரு நல்ல செய்தி: 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலை முதல் இணையவழியில் சுயசான்று அனுமதி கிடைக்கிறது.

காலி மனைக்கு வாங்கும் கடனின் வட்டியை, வீடு எழும்பும் வரை வருமான வரியில் கழிக்க முடியாது என்பதையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

## 4. அடுக்குமாடிக் குடியிருப்பு

பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் பல்கலைக்கழகத்தை நம்பி எழுந்தவை அதிகம். கட்டுநரிடமிருந்து முதன்முறையாக வாங்கும் புதிய வீட்டுக்கு, 2023 டிசம்பர் முதல், மதிப்பு 50 லட்சத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 4 விழுக்காடுதான்; பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டைச் சேர்த்தால் 6. ஆக 48 லட்சத்துக் குடியிருப்புக்கும், மேலே சொன்ன 32 லட்சத்து மனைக்கும் பதிவுச் செலவு ஒன்றே: 2.88 லட்சம். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் சரக்கு-சேவை வரியாக 5 விழுக்காடு, அதாவது இன்னொரு 2.40 லட்சம் சேரும். பணிமுடிவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அந்த வரி இல்லை. எனவே இந்த ஊரில், முடிந்த வீடு கிடைக்கும்போது முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். அதில் லாரித் தண்ணீர் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். நிலத்தில் உங்கள் பிரிபடாப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பிறகு மிஞ்சுவது அதுதான்.

வாடகை வரும் என்று வாங்குபவர்களுக்கு ஒன்று. மாணவர்களை நம்பிய வாடகை விடுமுறையில் வற்றும். ஆலைகளை நம்பியதற்கும் உத்தரவாதம் இல்லை: 1999இல் இங்கே காரைத் தயாரிக்கத் தொடங்கிய ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது, ஆலையை மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை 2024இல்தான் நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் மாதத் தவணை கட்டியே தீர வேண்டியிருந்தது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | திட்ட மனை வீடு | நத்தம் | புதிய மனை | அடுக்குமாடி |
|---|---|---|---|---|
| உரிமை | தெளிவு. கிரயப் பத்திரம் இருந்தால் | குடும்பத்தைப் பொறுத்தது | பழைய பதிவேடு வரை தேட வேண்டும் | நிலத்தின் மூலமும் ரெராவும் பார்க்க வேண்டும் |
| மழைநீர் | பெரும்பாலும் தாங்கும். தெருவைப் பொறுத்தது | மேடு | மிகுந்த கவனம் தேவை | தரைத்தள வண்டி நிறுத்தத்தைப் பாருங்கள் |
| ரயிலுக்கு நடை | பல தெருக்களிலிருந்து முடியும் | கிராமத்தைப் பொறுத்தது | அரிது | பொத்தேரியில் எளிது |
| வங்கிக் கடன் | எளிது. மதிப்பு குறையும் | கடினம் | கிடைக்கும். வரிச் சலுகை பிறகே | எளிது |
| மறைமுகச் செலவு | பழுதுபார்ப்பு | பாகத் தகராறு | போர், வேலி, காலிமனை வரி | பராமரிப்பு, லாரித் தண்ணீர் |
| குடிபோகும் காலம் | சில மாதங்கள் | உரிமை தீர்ந்த பிறகு | சில ஆண்டுகள் | முடிந்த வீடு என்றால் உடனே |

## யாருக்கு எது

எழும்பூர், கிண்டி, தாம்பரம் என்று தினமும் ரயிலேறுபவர், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ளவர் என்றால் சி.எம்.டி.ஏ. பகுதியில் ஒரு பழைய வீட்டையே நான் சொல்வேன். புது மனைப்பிரிவில் 1,200 சதுர அடி கிடைக்கும் பணத்துக்கு இங்கே 800 சதுர அடிதான் என்றாலும்கூட. தினமும் இரு வேளை ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரமும் ஒரு விலைதான்.

மகேந்திரா சிட்டியிலோ ஒரகடம் பக்கத்து ஆலைகளிலோ வேலை செய்பவருக்கு ரயிலைவிடச் சாலையே முக்கியம். அவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் உள்ள மனைப்பிரிவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். செங்கல்பட்டு நோக்கிக் காரில் போனால் பரனூர் சுங்கச்சாவடி வழியில் வரும் என்பது மாதக் கணக்கில் சேரட்டும். ஓய்வுபெற்ற தம்பதிக்கு, மருத்துவமனை அருகில், மின்தூக்கியும் மின்னாக்கியும் உள்ள, முடிந்த அடுக்குமாடி வசதியானது. பொத்தேரியில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், செங்கல்பட்டில் 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

பத்து ஆண்டுகள் தொடாத பணம் இருந்தால், அது கடனும் இல்லை என்றால், மனை வாங்கலாம். தை மாதத்தில் நாள் நன்றாக இருக்கிறது என்று முன்பணம் கொடுக்காமல், கார்த்திகை மழையில் ஒருமுறை, சித்திரையில் போர்த் தண்ணீரைப் பற்றிப் பக்கத்து வீடுகளில் விசாரித்து ஒருமுறை, இரவு ஒன்பது மணி ரயிலில் இறங்கி மனை வரை நடந்து ஒருமுறை என மூன்று தடவை போய்வந்த பிறகு கொடுங்கள்.

இவற்றில் எதையும் இன்னும் முடிவு செய்ய முடியாதவர்கள், மறைமலை நகர் காமராஜர் நிலையத்துக்கு அருகில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஆனியில் குடிவந்தால் ஒரு பருவமழையையும் ஒரு கோடையின் தொடக்கத்தையும் பார்த்துவிடலாம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தரகரிடம் கேட்க வேண்டியிருக்காது.